திருப்பத்திலிருந்து கேட் வரை

மீசையப்பாவுக்கு மீசை கிடையாது. இளவயதில் ஒரு தடவை வைத்துப் பார்த்தார். மேலுதடு அரிக்கிறது என்று எடுத்துவிட்டார். மீசை அவர் மகனுக்கு. முறுக்கிவிட்டால் காதைத் தொடும் என்று டைல்ஸ் கடைத்தெருவில் சொல்வார்கள். அது மிகை, பாதிக் கன்னம்வரை போகும். கடைக்காரர்களும் லோடு ஏற்றுகிறவர்களும் அவனை மீசை என்றுதான் கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்காமலே போய்விட்டான். அவனுடைய பிக்கப் வண்டியை அப்பா ஓட்ட வந்தபோது, வந்தவருக்குப் புதிதாக ஒரு பெயர் தேட யாரும் மெனக்கெடவில்லை.

"மீசையப்பா, இந்த லோடு பாலத்துக்கு அந்தப் பக்கம். மேடு இருக்கு, பார்த்துப் போங்க."

முதல்முறை கூப்பிட்டபோது அவர் திரும்பவில்லை. கூப்பிட்டவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு அவரே திரும்பத் தொடங்கினார்.

அதற்கு முன் அவர் லிஃப்ட் மெக்கானிக். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் லிஃப்ட்களை ஓய்வு பெறும்வரை பார்த்துக்கொண்டார். நோயாளியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஏறுகிற லிஃப்ட்கள் அவை. நடுவில் நின்றுவிட்டால் யாரும் சிரித்துவிட்டுப் போகமாட்டார்கள். ஆகவே எந்த போல்ட்டை இறுக்கினாலும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை வெள்ளைப் பெயிண்டால் மெல்லியதாக ஒரு கோடு இழுத்துவிடுவார். போல்ட் கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு இரண்டாக உடைந்து தெரியும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. ஜன்னல் கீல், மின்விசிறி மாட்டிய கொக்கி, குழாயின் திருகு, குக்கரின் கைப்பிடி என்று எல்லாவற்றிலும் வெள்ளைக் கோடு.

"என் மண்டையிலயும் ஒண்ணு போட்டுடுங்க," என்பாள் அவர் மனைவி. "கழண்டா உடனே தெரியுமில்ல."

அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். காதில் மாட்டிய கருவியோடு, முகம் தெரியாத மனிதர்களின் குரல்களை இணைத்துக்கொண்டே வயதானவள். "ஹலோ" என்று சொல்வதற்கு முன்னால் இழுக்கிற மூச்சிலேயே ஆளைச் சொல்லிவிடுவாள். இவர் பொய் சொன்னால் குரல் ஒரு படி மேலே ஏறுமாம். கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்வாள். எப்படிப்பட்ட பொய் என்று கேட்டால் சிரிப்பாள்.

இப்போது அவளுக்கு முழங்கால் சரியில்லை. காலையில் குளித்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே முடிகிற சமையலை முடித்துவிட்டு, கூடத்து ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தால் மாலைவரை அதுதான். டிவி ஓடும், பார்க்கமாட்டாள். பேப்பர் மடியில் கிடக்கும், பக்கம் திரும்பாது.

ஆனால் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் பிக்கப் திரும்பி, 'ணங்' என்று வேகம் குறைகிற சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவாள். கைப்பிடி இல்லாத படி இரண்டையும் இறங்கி, கேட்டின் கொண்டியைத் தூக்கி, ஒரு பக்கக் கதவை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மகன் இருந்தபோது அப்படித்தான். ஹார்ன் அடிக்கிற வேலையே அவனுக்கு இருந்ததில்லை. வண்டி வந்து சேரும்போது கேட் திறந்திருக்கும்.

மகன் இல்லாத பிறகு, மீசையப்பா முதல்நாள் லோடு முடித்துத் திரும்பியபோதும் கேட் திறந்திருந்தது. அவள் ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தாள். பார்த்த கணத்தில் அவள் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. அவ்வளவுதான். அழவில்லை. "டீ போடட்டுமா?" என்று கேட்டாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

லோடு வண்டி ஓட்டுவது அந்த வயதில் அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இடுப்பு பிடித்துக்கொள்ளும், டைல்ஸ் பெட்டி ஒன்று உடைந்தால் கடைக்காரர் பார்க்கிற பார்வை இருக்கும். அதெல்லாம் தாங்கிக்கொள்ளக்கூடியதுதான். தாங்கமுடியாதது சாயங்காலம் தன் முகத்தைக் கொண்டுபோய் அவள் முன்னால் நிறுத்துவது. தினமும் ஒரு தடவை அவள் மகனைக் கொன்றுவிட்டு வீட்டுக்குள் நுழைவதுபோல இருந்தது.

திருப்பத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிப் பார்த்தார். தெரு லேசான ஏற்றம். நாலு வீடு முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது. அந்த வீட்டுப் பெண் வெளியே வந்து, "என்னண்ணே, டீசல் தீர்ந்துபோச்சா?" என்றாள். ஆமாம் என்று சொல்லி, அவளும் அவள் கணவரும் சேர்ந்து தள்ள, வீடு போய்ச் சேர்ந்தார். தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தால் குப்பை லாரிக்கு வழி மறைந்தது. வண்டியை விற்றுவிடலாம் என்று ஒருநாள் பேச்சை எடுத்தார். அவள் அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை.

பிறகு ஒரு மாலை, எழுந்த வேகத்தில் படியில் கால் தவறி உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வீங்கியது. "இந்தத் தடவை வீக்கத்தோட போச்சு," என்றார் டாக்டர். "அடுத்த தடவை எலும்பு. அவசரமா எழுந்திருக்கவே கூடாதும்மா." அவள் தலையாட்டினாள். வீக்கம் வடிவதற்குள் மறுபடி கேட்டில் நின்றாள்.

அன்றுதான் மீசையப்பா முடிவு செய்தார். அவளை எழுப்புவது அந்தச் சத்தம். சத்தம் மாறிவிட்டால் அவள் எழமாட்டாள்.

*

சைலன்சர் பட்டறைக்காரரை எல்லோரும் அமைதி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர்ப்பலகையில் "அமைதி சைலன்சர் ஒர்க்ஸ்" என்று எழுதியிருந்ததுதான் காரணம். ஆளுக்கும் அமைதிக்கும் சம்பந்தம் இல்லை. கிரைண்டர் ஓடும்போது பேசிப் பழகிய தொண்டை. அது நின்ற பிறகும் அதே அளவில்தான் பேசுவார். பட்டறை வாசலில் பஞ்சர் கடை.

மீசையப்பா வண்டியை உள்ளே விட்டு இறங்கினார். வருகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தார். உள்ளதைச் சொல்ல வாய் வராது என்று தெரியும். செத்துப்போன பையனுக்கு என் பெண்டாட்டி கேட் திறக்கிறாள் என்று இன்னொரு மனிதனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், 'பாவம், அவங்களுக்குப் புத்தி பேதலிச்சிடுச்சு' என்று தெருவெல்லாம் பேசுவார்கள். அவள் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"மேட்டுல மூச்சு வாங்குதுப்பா," என்றார். "லோடோட பாலம் ஏறினா ரெண்டாவது கியருக்கு வந்துடுது. புகை போற வழி சரியில்லன்னு நினைக்கிறேன். எல்லாத்தையும் கழட்டிட்டு வேற போட்டுடு."

அதில் பொய் எதுவும் இல்லை. வண்டி உண்மையாகவே மூச்சு வாங்கியது.

"கேட்டுச்சாய்யா?" என்று பஞ்சர்க்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே குரல் கொடுத்தார். "அப்பாவும் ஃப்ரீ ஃப்ளோ கேக்கறாரு. இனிமே நாமதான் பாக்கி."

"நீ உன் குமிழியைப் பாருய்யா," என்றார் அமைதி. பிறகு மீசையப்பாவிடம் திரும்பினார். "ஃப்ரீ ஃப்ளோன்னு தடுப்பில்லாத சைலன்சர் கேட்டு வர்ற பசங்களுக்கெல்லாம் வேண்டியது சத்தம்ப்பா. தெருவுல இருக்கற குழந்தை எல்லாம் எழுந்திரிக்கணும் அவனுங்களுக்கு. நான் செய்யமாட்டேன்னு அனுப்பிடுவேன். உங்க கதை வேற. உங்களுக்கு இழுவை வேணும்."

அவர் வண்டியின் பக்கவாட்டில் தட்டினார். பட்டறைக்கே கேட்கும்படி பேசுகிறவர், அதன்பின் சொன்னதை மெதுவாகச் சொன்னார்.

"மீசைக்கு நான் போட்டுக் கொடுத்த சைலன்சர்ப்பா இது. இதே இடத்துல நின்னு ஸ்டார்ட் பண்ணிக் கேட்டான். 'எங்க அம்மாவுக்குத் தூரத்துலயே தெரியணும்ண்ணே'ன்னான்."

மீசையப்பா வண்டித் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வேற போட்டுடு," என்றார் மறுபடி.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

அமைதி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. முன்குழாயில் சின்னத் துளை போட்டு அழுத்தமானியைச் செருகி, இன்ஜினை உறுமவிட்டுப் பார்த்தார். முள் வேண்டாத உயரத்துக்கு ஏறியது. புகை வெளியே போகமுடியாமல் திரும்பி இன்ஜினின் நெஞ்சிலேயே முட்டிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. அச்சுக்கு மேல் ஏறி இறங்க வேண்டிய வளைவில் குழாய் நசுங்கிப் பாதியாகியிருந்தது. சைலன்சருக்குள் கரி அப்பியிருந்தது. உள்தகடு ஒன்று ஓரம் விட்டுப்போய் ஆடிக்கொண்டிருந்தது.

நசுங்காமல் வளைத்த புதுக் குழாயை, பழையதைவிடக் கொஞ்சம் அகலமாகப் போட்டார். கொஞ்சம்தான். அளவுக்குமேல் அகலம் வைத்தால் புகையின் வேகம் செத்துவிடும். கிளம்பும்போது வண்டி சோம்பிப் போகும். சைலன்சரையும் மாற்றினார். தகடு தகடாகத் திருப்பிவிடுகிற பழைய பெட்டிக்குப் பதில், துளை போட்ட நேர்க்குழாயும் அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சும் வைத்த பெட்டி. அத்தோடு வேலை முடிந்தது. முள் கீழே இறங்கிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் சாவியைக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

ஸ்டார்ட் செய்து கேட்டார். சத்தம் வேறாக இருந்தது. அடியில் மட்டும் கனத்து, மொண்ணையாக, யாருடைய வண்டியாகவும் இருக்கக்கூடிய ஒரு சத்தம்.

அமைதி அதை அணைத்தார். பிறகு பழைய சைலன்சரை எடுத்து, பின்பாதியை அந்த ஆடுகிற தகட்டோடு சேர்த்து அறுத்தார். ஒரு முனையைத் தகடு வைத்து அடைத்தார். மறுமுனையைப் புதுக் குழாயின் பக்கவாட்டில் ஒரு கிளைபோலப் பற்றவைத்தார். சரியாக வரவில்லை. வெட்டினார், நீளத்தைக் குறைத்தார், மறுபடி வைத்தார். பஞ்சர்க்காரர் டீ வாங்கி வந்து வைத்தது ஆறிப்போனது.

"அவரு கேக்காத வேலையை ஏன்யா இழுத்துப் போட்டுக்கிட்டுச் செய்யற?"

"அவரு எப்படிய்யா வாய்விட்டுக் கேப்பாரு?" என்றார் அமைதி. "பையனோட சத்தம்யா அது."

*

சாவியைக் கொடுக்கும்போது அமைதியின் முகம் கரியும் பெருமையுமாக இருந்தது.

"ஒண்ணும் சொல்லாதீங்க. முதல்ல கேளுங்க."

ஸ்டார்ட் செய்தார். முதலில் அந்தத் தொண்டைக் கனைப்பு. பிறகு கீழ்க்குரலில் ஒரு உருட்டல். வேகத்தைக் கூட்டிவிட்டுக் குறைத்தபோது, கடைசியில், பாத்திரத்தை நகத்தால் சுண்டினதுபோல ஒரு 'ணங்'. எல்லாம் அதே.

"புகை நேரா போய்டும்ப்பா. இந்தப் பக்கத்துப் பெட்டி இருக்கே, இதுக்குள்ள புகை போகாது. சத்தம் மட்டும் உள்ள போய்ட்டுத் திரும்பி வரும். இழுவையும் உங்களுக்கு, குரலும் அப்படியே. எப்படி?"

மீசையப்பா அந்தப் பெட்டியைப் பார்த்தார். வெல்டிங் வரிசை தையல் போட்டதுபோல ஒரே சீராக இருந்தது. வாழ்நாள் முழுக்க இரும்பைப் பார்த்தவர். இதற்கு எவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தது. இதை வெட்டு என்று அந்த முகத்திடம் சொல்ல அவரால் முடியவில்லை.

"அப்படியே இருக்குப்பா," என்றார்.

"இல்ல?" என்று சிரித்தார் அமைதி.

அன்று லோடோடு பாலத்தில் ஏறியபோது வண்டி மூன்றாவது கியரிலேயே ஏறியது. ஏற்றத்தின் உச்சியில் நான்காவதுக்குக்கூடப் போனது. தினமும் பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டே வருகிறவர்கள் யாரும் அடிக்கவில்லை. சாமானை இறக்கிவிட்டுத் திரும்பினால் வெயில் இன்னும் தாழவில்லை. வழக்கமாக அந்நேரம் அவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் திணறிக்கொண்டிருப்பார்.

தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தார். ணங்.

கேட் மூடியிருந்தது. ஒரு கணம் அவருக்கு மனம் இலேசானது. சத்தம் கேட்டும் எழுந்திருக்கவில்லை என்று நினைத்தார். இறங்கிக் கொண்டியைத் தூக்கும்போதுதான் உள்ளேயிருந்து முனகல் கேட்டது.

குளியலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். துணி அலசிக்கொண்டிருந்திருக்கிறாள். ஈரக் காலோடு ஓடி வந்திருக்கிறாள். வலது மணிக்கட்டு இருக்கக்கூடாத கோணத்தில் இருந்தது. அதை இடது கையால் ஒரு குழந்தையைப் பிடிப்பதுபோல மடியில் பிடித்திருந்தாள்.

"இன்னைக்கு ஏங்க இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்க?" என்றாள்.

அந்தக் கேள்வியில் இருந்த 'வந்துட்டீங்க' அப்போது அவர் மனதில் பதியவில்லை. ஆட்டோ பிடிக்க ஓடினார்.

*

கட்டுப் போட்டு வந்த மறுநாள் அமைதியின் பட்டறைக்குப் போனார். வண்டியை உள்ளே விட்டுவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அமைதி கதவைத் திறந்து, "என்னப்பா, எங்கயாவது கசியுதா?" என்றார்.

சொன்னார். ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தால் வசதியாக இருந்திருக்கும். அன்று பட்டறையில் எந்தச் சத்தமும் இல்லை. வாசலில் பஞ்சர்க்காரர் கைவேலையை நிறுத்திவிட்டார்.

அமைதி பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா."

"எப்படிச் சொல்றது?"

அமைதி எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். பற்றவைத்த கிளையைக் குழாயோடு ஒட்ட அறுத்து, துளையைத் தகடு வைத்து மூடினார். அறுத்த பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இதை எடுத்து வைக்கட்டுமாப்பா? என் வழக்கம் அது. பழசைக் கொஞ்சநாள் வச்சிருப்பேன். சில பேரு திரும்பி வந்து கேப்பாங்க."

"வேணாம். போட்டுடு."

"இல்லப்பா, ஒரு ஓரமா…"

"இருந்தா என்னைக்காவது திரும்ப மாட்டச் சொல்லுவேன். போட்டுடுப்பா."

பழைய இரும்புக் குவியலில் அது விழுந்தது. கடைசியாக ஒரு தடவை ணங் என்றது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். திருப்பம், தெரு, கேட். மூடியிருந்தது. இறங்கித் திறந்து, வண்டியை விட்டு, மறுபடி மூடினார். ஓட்டுநர் இருக்கையைப் பார்க்க யாரும் நிற்கவில்லை. இத்தனை நாளும் இதற்குத்தான் ஏங்கினார். செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரு?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்கத் தேவை இருந்ததில்லை. சைக்கிளில் வந்த காலத்தில் பிரேக் பிடிக்கிற சத்தத்திலேயே தெரிந்துகொண்டவள்.

"நான்தான்," என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கை தலையணைமேல் இருந்தது.

"வண்டியை என்ன பண்ணினீங்க?"

"மேட்டுல இழுக்கல. அதான் குழாய் மாத்தினேன்."

"குரல் மேல போகுது," என்றாள்.

அவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னது, படி, அவள் முகம், எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். வேலையில் இருந்தபோதும் அப்படித்தான் கேட்டிருப்பாள், இரண்டு பக்கத்துக் குரலையும், நடுவில் புகாமல்.

"எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?" என்றாள் கடைசியில். "வர்றது நீங்கதான்னு தெரியும். என் கண்ணு முன்னாடிதானே அவன் போனான்."

"அப்புறம் ஏம்மா ஓடற?"

ஜன்னல் பக்கம் பார்த்தாள். அங்கிருந்து திருப்பம் தெரியாது. எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும்.

"திருப்பத்துல இருந்து கேட் வரைக்கும் அது அவன்தாங்க. கேட்டுக்கு வந்தா நீங்க. நடுவுல கொஞ்ச தூரம் இருக்குல்ல, அது எனக்குப் போதும். நாள் பூரா இந்த நாற்காலியில கெடக்கறேன். எழுந்திரிக்கறதுக்குன்னு அந்த ஒண்ணுதான் இருந்துச்சு."

அவர் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்கில் கரி.

"என் மூஞ்சியைப் பார்த்ததும் உன் முகம் வாடும். எனக்கு அதைத் தாங்க முடியலம்மா."

"வாடத்தான் செய்யும். அதுக்காக? நீங்கதான்னு தெரிஞ்சுதானே மறுநாளும் வந்து நின்னேன்."

*

விடிந்ததும் பட்டறைக்குப் போனார். அமைதி அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். குவியல் இருந்த இடத்தில் துரு படிந்த தரை மட்டும் இருந்தது. இரும்புக்காரர் வந்து வாரிக்கொண்டு போய்விட்டார். இந்நேரம் எந்த உலைக்குப் போய்க்கொண்டிருக்கிறதோ.

"அதே மாதிரி ஒண்ணு செஞ்சுடறேன்ப்பா," என்றார் அமைதி. குரல் அவருக்குத் தாழ்ந்து வந்தது. "அளவெல்லாம் என் கையில இருக்கு. அந்தத் தகடு ஆடறதுகூட…"

வீட்டில் போய்க் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை.

"வேணாங்க. ஒருத்தர் மாதிரியே இன்னொருத்தர் பேசினா எங்க எக்ஸ்சேஞ்சுல நான்தான் முதல்ல கண்டுபிடிப்பேன். செஞ்சதுன்னு தெரிஞ்சிடும். அப்புறம் அதைக் கேக்கறதுக்கே பயமா இருக்கும்."

அதன்பின் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

மணிக்கட்டு சேர்ந்தது. கொஞ்சம் கோணலாகத்தான் சேர்ந்தது. அந்தக் கையால் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கமுடியாது. அவள் இப்போது அவசரமாக எழுந்திருப்பதில்லை, மெதுவாகவும் எழுந்திருப்பதில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "இப்படித்தான் இருக்கணும்," என்று பாராட்டினார். வண்டி பாலத்தில் சிரமமில்லாமல் ஏறியது. டீசலும் குறைவாகத்தான் குடித்தது. டைல்ஸ் கடைத்தெருவில், "மீசையப்பா வண்டி இப்போ பறக்குதுய்யா," என்று பேசிக்கொண்டார்கள். தினமும் சாயங்காலம் கேட்டை அவரே திறந்தார், அவரே மூடினார். செருப்பைக் கழற்றும்போது, "யாரு?" என்று கேட்பாள். "நான்தான்," என்பார். அவள் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. தெருவில் போகிற எத்தனையோ வண்டிகளில் அதுவும் ஒன்றாகிவிட்டது.

குளிர் தொடங்கிய சமயத்தில் ஒருநாள், டீயை எதிரே வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்.

"கொஞ்சநாளா ஒரு வண்டி நம்ம திருப்பத்துல வேகத்தைக் குறைக்கும்போது டிக் டிக்குன்னு ஒரு சத்தம். எங்கயோ இரும்பு இரும்பைத் தொடுது. உங்களோடதா பாருங்க."

காலையில் தரையில் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். அமைதி வேலை செய்துகொடுத்த பிறகு அவர் அதன் அடிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்கப் பிடிக்கவில்லை. அங்கே ஒரு போல்ட்டில்கூட வெள்ளைக் கோடு இல்லை. வால்குழாயைத் தாங்குகிற கிளாம்பின் நட் லோடு அதிர்வில் தளர்ந்திருந்தது. கையால் ஆட்டினால் குழாய் தாங்கியில் மோதியது. டிக்.

ஸ்பேனரை வைத்து முறுக்கினார். கைக்குப் பழக்கமான அந்தப் பிடிமானம் வந்தது. ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை, சத்தமும் இல்லை. சாதாரணமாக இந்த இடத்தில் பெயிண்ட் டப்பாவுக்குக் கை நீளும்.

கை நீளவில்லை. அவர் அந்த நட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். லிஃப்ட்டில் ஒரு போல்ட்டைத் தெரிந்தே தளரவிட்டவனை அவர் வேலையைவிட்டு அனுப்பியிருக்கிறார்.

ஸ்பேனரை எதிர்ப்பக்கம் திருப்பினார். கொஞ்சம். ஆட்டிப் பார்த்தார், சத்தம் இல்லை. இன்னும் கொஞ்சம். டிக். குழாய் விழுமா என்று முழுப் பலத்தோடு கீழே இழுத்துப் பார்த்தார். விழாது. இதற்கு மேலும் கழலாமல், இதற்கு மேலும் இறுகாமல் இருக்க, இன்னொரு நட்டை அதன் முதுகில் வைத்து, இரண்டையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பூட்டினார். பிறகு பிரஷ்ஷை எடுத்து, நட்டின் விளிம்பிலிருந்து தாங்கிவரை ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார்.

அன்று சாயங்காலம் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தார். டிக், டிக். கேட்டைத் திறந்தார், வண்டியை விட்டார், மூடினார், செருப்பைக் கழற்றினார். உள்ளேயிருந்து "யாரு?" என்ற கேள்வி வரவில்லை.

அவள் நாற்காலியில்தான் இருந்தாள். எழுந்திருக்கவில்லை. முகத்தில் அணைவதற்கு ஒன்றும் இல்லை.

"அதைச் சரி பண்ணலையா?" என்றாள்.

"பண்ணிட்டேன்," என்றார்.

அவர் குரல் மேலே போகவில்லை. அவள் அவரைப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டுச் சுவரைப் பார்க்கத் திரும்பினாள்.